உயர்த்தப்பட்ட ஜீப்பும் ஓட்டுநரின் கை நடுக்கமும்

உயர்வை விரும்பாத உயிர் உலகத்தில் இல்லை. ஆனால் உயர்வை வெறுமனே விரும்பிக்கொண்டிராமல், அதை இரும்பில் கடைந்தெடுத்து, நான்கு ஸ்பிரிங்குகளிலும் வைத்து, போல்ட் போட்டு முடுக்கிக் காட்டிய அலுவலகம் எங்களுடையது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன். வரலாறு எழுதுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வேறு வேலையாக இருக்கலாம் என்பதால் நானே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் மேட்டுப்பகுதி மருந்து வழங்கல் துணை இயக்ககம். மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் கடமை. இதற்காக ஒரு ஜீப், அதை ஓட்ட ஓர் ஓட்டுநர், அதில் ஏறிப் போக ஒரு நர்ஸம்மா, இவர்களை மேற்பார்வையிட நாற்பது பேர் இருந்தோம். நான் தலைமை எழுத்தர். ஓட்டுநர் என் மனைவியின் தம்பி. இந்த உறவை அலுவலகத்தில் நான் வெளிக்காட்டிக்கொண்டதில்லை. வீட்டிலும் காட்டிக்கொள்வதில்லை என்று என் மனைவி சொல்வாள்.

ஜீப் பழையது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். மழைக்காலச் சேற்றிலும் ஓடைக் கல்லிலும் ஏறி இறங்கி, சாயங்காலம் வீடு திரும்பும் குமாஸ்தா மாதிரி தானாக வந்து நிற்கும். இப்படி ஒரு குறையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு கோப்பே இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்தவர் எங்கள் துணை இயக்குநர்.

அவர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். வாசலில் பக்கத்து மாவட்டத் துணை இயக்குநரின் வண்டி வந்து எங்கள் ஜீப்பை ஒட்டி நின்றது. அது புது மாதிரி, உயரமானது. அந்த ஜன்னலிலிருந்து பக்கத்து மாவட்டக்காரர் கீழே பார்த்து, "சௌக்கியமா?" என்றார். எங்கள் ஐயா மேலே பார்த்து, "சௌக்கியம்" என்றார். ஒரே பதவி, ஒரே சம்பளம், ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள். அப்படி இருந்தும் ஒருவருடைய சௌக்கியம் மேலேயும் இன்னொருவருடைய சௌக்கியம் கீழேயும் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ஐயா எதிரில் வந்த வண்டிகளின் உயரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார் என்று ஓட்டுநர் சொன்னான்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஜீப்பை உயர்த்தணும்."

"தரத்திலயா சார்?"

"உயரத்துலய்யா."

கோப்பில் காரணம் வேண்டும். "கரடுமுரடான பாதைகளில் வண்டியின் அடிப்பாகம் தட்டுப்படுவதைத் தவிர்க்கும் பொருட்டு" என்று எழுதினேன். ஓட்டுநரையும் ஒரு வார்த்தை கேட்டோம்.

"இதுவரைக்கும் எங்கயும் தட்டினதில்லையே சார்" என்றான்.

"தட்டினதுக்கு அப்புறம் தவிர்க்க முடியுமாய்யா?" என்றார் ஐயா. தொலைநோக்கு என்பது இதுதான்.

பட்டறைக்காரர் வரவழைக்கப்பட்டார். ஐயா ஒரு சாண் உயரம் கேட்டார். பட்டறைக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"தூக்கிடலாம் சார். ஆனா பாடிதான் மேல போகும், சக்கரமும் ஆக்சிலும் கீழயேதான் இருக்கும். நடுவுல இருக்கிற ஸ்டீயரிங் ராடுங்க எல்லாம் சரிவா இழுபடும். எஞ்சின்லருந்து சக்கரத்துக்குச் சுத்துறதைக் கொண்டு போற ஷாப்டும் சாய்ஞ்சு நிக்கும். அந்தச் சாய்வைச் சரி பண்ண வேற பார்ட்ஸ் போடணும்."

"அந்தப் பார்ட்ஸ் எங்க இருக்கும்?"

"வண்டிக்கு அடியில சார்."

"வெளிய தெரியுமா?"

"குனிஞ்சு பாத்தாத் தெரியும்."

"யாரு குனியப் போறா?"

பட்டறைக்காரர் யோசித்தார். "யாரும் குனிய மாட்டாங்க சார்" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப அதை விட்டுடுங்க."

"சரிங்க சார்" என்றார் பட்டறைக்காரர். அவருக்கும் வேலை மிச்சம். அவர் எங்களைவிட மோசமானவரும் இல்லை, நல்லவரும் இல்லை.

ஜீப் திரும்பி வந்த நாளில் அலுவலகமே வாசலுக்கு வந்தது. அது நின்ற நிற்பு கம்பீரமாக இருந்தது. அடியில் ஒரு கன்றுக்குட்டி நிமிர்ந்து நடந்து போகலாம். நர்ஸம்மா மட்டும் மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எப்படி ஏறுறது?" என்று கேட்டார். உடனடியாக ஒரு ஸ்டூல் வழங்கப்பட்டது. ஸ்டூலில் கால் வைத்து ஏறினால், ஸ்டூல் கீழே இருக்கும். அதை எடுக்க இறங்கினால், மறுபடி ஏற ஸ்டூல் வேண்டும். இந்தச் சிக்கலை எங்கள் ஸ்டோர் அதிகாரி ஸ்டூலுக்கு ஒரு கயிறு கட்டித் தீர்த்தார். ஏறியதும் இழுத்துக்கொள்ளலாம்.

ஐயா முதலில் ஏறி, அலுவலகத்தைச் சுற்றி வந்தார். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் ஜீப் நேராகப் போனது. இதை யாரும் குறையாக எண்ணவில்லை. கோணலாகப் பிடித்தால்தான் நேராகப் போகும் என்பது எங்கள் அலுவலகத்தில் வண்டிக்கு முன்பே நடைமுறையில் இருந்த விதி.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். என் மனைவி காபி கொடுத்தாள். அவன் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, வண்டி சரியில்ல."

"உயரமா இருக்கே."

"உயரமாத்தான் இருக்கு. ஒரு சின்னக் குழியில இறங்கினாப் போதும், ஸ்டீயரிங் இடமும் வலமும் பேய் பிடிச்ச மாதிரி அடிச்சுக்குது. வேகத்தைக் குறைச்சாத்தான் நிக்குது. வளைவுல திருப்பினா, விட்டதும் தானா நேருக்கு வரணும் இல்ல? வரமாட்டேங்குது. நான்தான் இழுத்துக்கிட்டு வரணும். அடியில ஷாப்ட் வேற 'ஊங்'னு கத்துது. மலையில ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நர்ஸம்மா கண்ணை மூடிக்கிட்டே வர்றாங்க."

"நீங்க ஆபீசுல சொல்லக் கூடாதா?" என்றாள் என் மனைவி.

"நான் சொல்றது முறையில்ல. அவன் எழுதிக் கொடுக்கட்டும். நான் மேல அனுப்புறேன்."

"கூடப் பொறந்த தம்பி வாயால சொல்றான். அதை எழுதிக் கொடுத்தாத்தான் உங்களுக்குக் காது கேட்குமா?"

எழுதிக் கொடுத்தான். அனுப்பினேன். கடமையில் நான் தவறியதில்லை.

ஐயா புகாரை அலட்சியம் செய்யவில்லை. சத்தத்தைப் பற்றிய பகுதியை உடனே கவனித்தார். முன் சக்கரங்களுக்கு ஒரு ஷாப்ட், பின் சக்கரங்களுக்கு ஒரு ஷாப்ட் என்று இரண்டு இருந்தன. முன்னது அதிகம் உறுமியது. அதைக் கழற்றி ஸ்டோரில் வைக்கச் சொன்னார். சத்தம் பாதியாகக் குறைந்தது. நான்கு சக்கர இழுவையும் பாதியாகக் குறைந்ததே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன, உடையாதவை நுரைத்து நிற்கின்றன என்று நர்ஸம்மா சொன்னார். ஐயா ஒரு புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்'னு போட்டிருக்கே. நோயாளி செய்ய வேண்டிய வேலையை நம்ம வண்டியே செஞ்சு கொடுத்துடுது."

ஸ்டீயரிங்கைப் பற்றி மட்டும் ஆழமாக ஆராய வேண்டியிருந்தது. "உயர்வுக்குப் பிந்தைய அதிர்வு ஆய்வுக் குழு" அமைக்கப்பட்டது. ஸ்டோர் அதிகாரி, கணக்கு அதிகாரி, நான். மூவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் பாரபட்சம் வர வழியில்லை.

ஜீப்பைக் கொட்டகையில் நிறுத்தி வைத்துப் பார்த்தோம். ஸ்டீயரிங் அசையவில்லை. கணக்கு அதிகாரி அதன்மேல் கைவைத்தும் பார்த்தார்.

"நடுக்கமே இல்லையே" என்றார்.

"ஓட்டிப் பாருங்க சார்" என்றான் ஓட்டுநர்.

"ஓட்டும்போது நீயும் உள்ள இருப்பே. அப்ப நடுங்கினா, வண்டி நடுங்குதா நீ நடுங்குறியான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?"

ஓட்டுநர் என்னைப் பார்த்தான். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு அதிகாரியின் தர்க்கம் கணக்கு போலவே சுத்தமானது. ஓட்டுநர் இல்லாதபோது நடுக்கம் இல்லை. ஓட்டுநர் இருக்கும்போது நடுக்கம் இருக்கிறது. வண்டியோ துணை இயக்குநரால் உயர்த்தப்பட்டது. ஆகவே நடுங்குவது ஓட்டுநரின் கை. இதை எழுதி வைத்தபோது ஐயா நெடுநேரம் தலையசைத்தார். "பாவம், சின்ன வயசு" என்றார். மனிதாபிமானம் உள்ளவர். உடனே நரம்பு மருத்துவரிடம் அனுப்பச் சொன்னார்.

நரம்பு மருத்துவர் நேர்மையான மனிதர். ஓட்டுநரின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். காகிதம் அசையவில்லை. கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார். தொட்டான்.

"உனக்கு ஒண்ணும் இல்லையேப்பா. எதுக்கு அனுப்பினாங்க?"

"வண்டி ஓட்டும்போது நடுங்குதாம் சார்."

"அப்ப ஓட்டிக் காட்டு."

மருத்துவர் ஜீப்பில் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது ஸ்டூலைத் தேடாமல் நேராகக் குதித்தார். மேசையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சான்றிதழ் எழுதினார். எழுதும்போது அவர் கை ஆடிக்கொண்டிருந்தது என்று மைத்துனன் சொன்னான். எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை. டாக்டர் கையெழுத்து என்பதால் யாரும் அதில் வித்தியாசம் காணவில்லை.

குழு மீண்டும் கூடியது. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

"'இல்லை'ன்னு ஒரு வார்த்தை இருக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஸ்டோர் அதிகாரி.

"கை நல்லா இல்லைன்னு போட்டிருப்பாரு" என்றார் கணக்கு அதிகாரி.

ஓட்டுநரை ஜீப்பிலிருந்து விலக்கி உட்கார்த்திவைத்தோம். மாற்று ஓட்டுநர் வந்தார். ஒருநாள் மேலே போய் வந்தார். சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "எனக்குப் பிள்ளைங்க இருக்கு சார்" என்று லீவு எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதும்போது அவருக்கும் கை நடுங்கியதை நானே பார்த்தேன். இதை மறைக்காமல் குழுவின் கவனத்துக்குக் கொண்டு வந்தேன். அதன் விளைவாக, நடுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றக்கூடியது என்று முடிவாயிற்று. ஊழியர்கள் ஓட்டுநர்களுடன் கைகுலுக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை போனது. ஸ்டீயரிங்கைக் கிருமிநாசினி கொண்டு துடைத்தோம். சுகாதாரத்தில் எங்கள் துறை அவ்வளவு அக்கறை உள்ளது.

அந்த நாட்களில் ஒரு மாலை மைத்துனன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு தண்ணீர் டம்ளரை நீட்டிப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அதுல பாக்குற? தூசியா?" என்றாள் அக்காக்காரி.

"இல்லக்கா. தண்ணி ஆடுதான்னு பாக்குறேன்."

"ஆடுதா?"

"இப்ப ஆடல. ஆனா ரொம்ப நேரம் பாத்தா ஆடுற மாதிரிதான் இருக்கு."

என் மனைவி டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். ஒரு அலுவலகம் ஒரு ஊழியனை இவ்வளவு ஆழமாகச் சிந்திக்க வைத்ததைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு நர்ஸம்மா ஒருநாள் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேராக ஐயாவின் அறைக்குள் போனார்.

"மேல பிள்ளைங்களுக்கு ஊசி போடுற நாள் தாண்டிப் போச்சு சார். காய்ச்சல் மருந்தும் தீர்ந்து போச்சு. ரெண்டு வீட்டுல குழந்தைங்க அனலாக் கொதிக்குது. வண்டி எப்ப வரும்?"

"வண்டி தயாராத்தான் இருக்கு. ஓட்டுற கைதான்மா இல்ல."

"அவர் கையில ஒண்ணும் இல்ல. நான்தானே தினம் பக்கத்துல உக்காந்து போனேன். சந்தேகமா இருந்தா ஒரு தடவை நீங்களே வந்து பாருங்க."

துணை இயக்குநரை மருந்து வழங்கும் இடத்துக்கே வரச் சொல்வது எங்கள் அலுவலகத்தில் முன் உதாரணம் இல்லாதது. ஆனால் ஐயா வீரர். "வர்றேன். அவனையே ஓட்டச் சொல்லுங்க. கை நடுங்குறதை நான் நேர்லயே பாத்து எழுதுறேன்" என்றார்.

மறுநாள் காலை புறப்பட்டோம். முன்னால் ஓட்டுநரும் ஐயாவும். பின்னால் நர்ஸம்மா, மருந்துப் பெட்டிகள், கயிற்றோடு ஸ்டூல், ஐயா சொல்வதைக் குறித்துக்கொள்ள நான்.

சமதளச் சாலையில் ஒரு சின்னக் குழி வந்தது. சக்கரம் அதில் இறங்கி ஏறியதும் ஜீப்பின் முன்பக்கம் முழுவதும் உதற ஆரம்பித்தது. ஸ்டீயரிங் ஓட்டுநரின் கைகளை இடமும் வலமும் வீசி அடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. ஐயாவின் கண்ணாடியும் மூக்கிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது.

"நிறுத்து நிறுத்து" என்றார் ஐயா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது.

மைத்துனன் பதறாமல் வேகத்தைக் குறைத்தான். உதறல் நின்றது.

"பாத்தீங்களா சார்?" என்றார் நர்ஸம்மா.

"பாத்தேன். கை பயங்கரமா ஆடுது" என்றார் ஐயா. நான் குறித்துக்கொண்டேன். என் எழுத்தும் கொஞ்சம் டாக்டர் எழுத்து மாதிரி வந்திருந்தது.

மலைப்பாதையில் ஏறினோம். அடியிலிருந்து வந்த 'ஊங்' சத்தம், ஏற்றம் கூடக் கூட ஒரு தடதடப்பாக மாறியது. ஓட்டுநர், "சார், ஷாப்ட் ஜாயிண்ட் போகுது. நிறுத்திடவா?" என்று கேட்டான்.

"உயர்த்தின வண்டிய்யா இது. போ."

கடைசி ஏற்றத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் அலறியது, சக்கரம் சுழலவில்லை. பின் ஷாப்ட் அறுந்து தொங்கி, சுழன்ற வேகத்தில் அடியில் இருந்த பிரேக் குழாயையும் அடித்துக் கிழித்துவிட்டது. இழுக்க முன் ஷாப்ட் இல்லை. அது பத்திரமாக ஸ்டோரில் இருந்தது. ஜீப் ஒரு கணம் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

மைத்துனன் பிரேக்கை மிதித்தான். அது தரைவரை போயிற்று. கைப்பிரேக்கை இழுத்தான். அது பிடிப்பதும் அறுந்துபோன அதே ஷாப்டைத்தான் என்பதால் பலனில்லை. பிறகு அவன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி, தானாக நேருக்கு வராத அந்த ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பிடித்தான். எனக்கு அவன் கைகள் மட்டும் தெரிந்தன. ஜீப்பின் பின்பக்கம் பாதையின் உள்பக்கத்து மண்மேட்டில் போய்ப் புதைந்து நின்றது.

எங்கோ ஒரு புட்டியிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா முதலில் இறங்கினார். ஐயாவால் இறங்க முடியவில்லை. ஸ்டூல் கயிற்றை அறுத்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போயிருந்தது. நான் இறங்கிக் குனிந்து நின்றேன். ஐயா என் முதுகில் கால் வைத்து இறங்கினார். பணிக்காலத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எல்லா எழுத்தர்களுக்கும் கிடைப்பதில்லை.

தரைக்கு வந்ததும் ஐயாவுக்குப் பேச்சு வந்தது. "உன் கை நடுங்கினதாலதான்யா இவ்வளவும்."

"சார்" என்றார் நர்ஸம்மா. "இப்பப் பாருங்க அவர் கையை."

மைத்துனன் கைகளை நீட்டினான். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. ஆனால் அசைவில்லை. கொஞ்ச நேரம் அவனே அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான், யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைப் பார்ப்பது மாதிரி.

ஐயாவும் பார்த்தார். "இப்ப வண்டியில இல்லையே" என்றார். என் தோளைப் பிடித்திருந்த அவர் கை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆய்வு ஓட்டுநரைப் பற்றியது என்பதால் அதை நான் குறிக்கவில்லை.

நர்ஸம்மா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார். மைத்துனன் இன்னொன்றைத் தோளில் ஏற்றினான். திரும்பிப் பார்க்காமல் இரண்டு பேரும் மேலே நடந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. காய்ச்சல் இறங்கியது.

அன்றிலிருந்து மைத்துனன் ஓட்டுநர் இல்லை. "நடைவழி மருந்து உதவியாளர்" என்று அவனுக்காகவே ஒரு பதவி உருவாக்கி, அதை இரண்டு படி கீழே வைத்தோம். அவன் பெட்டியைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறான். மருந்து முன்னைவிட ஒழுங்காகப் போகிறது. புட்டிகள் உடைவதில்லை. என் மனைவி எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. வீட்டில் அமைதி நிலவுகிறது.

தலைமையகத்திலிருந்து ஒரு மேலதிகாரி பார்வையிட வந்தார். மருந்து வழங்கலில் எங்கள் முன்னேற்றம் அவரை வியக்க வைத்திருந்தது. கொட்டகையில் துடைத்து நிறுத்தியிருந்த ஜீப்பைக் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் கண்டதில்லை.

"வண்டி இங்க நிக்குதே, மருந்து எதுல போகுது?"

"ஓட்டுநர் எடுத்துட்டுப் போறார் சார். நடந்து" என்றார் ஐயா.

"அவருக்குக் கை நடுக்கம்னு படிச்சேனே."

"கைதான் சார் நடுங்குது. காலுக்கு ஒண்ணுமில்ல. அதைக் கண்டுபிடிச்சது எங்க குழு."

மேலதிகாரி அசந்துபோனார். திரும்பிப் போனதும், வண்டி உயர்த்தும் திட்டத்தை எல்லா மாவட்டங்களிலும் செயல்படுத்த உத்தரவு வந்தது. எங்கள் ஐயா அதன் இயக்குநராகப் பதவி உயர்வு பெற்றார். பொறுப்பேற்ற முதல் நாளே அவர் போட்ட ஆணையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வண்டிகளைப் பட்டறைக்கு அனுப்பும் முன்பே, எல்லா ஓட்டுநர்களுக்கும் கை நடுக்கச் சான்றிதழ் வாங்கித் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆணை. இப்படிப்பட்ட முன்யோசனை வேறு எந்தத் துறையில் உண்டு?

சான்றிதழின் மாதிரி வாசகம் நான் தயாரித்தது. ஓட்டுநரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். விபத்துக்கான காரணத்தை அச்சிலேயே சேர்த்தாயிற்று. விபத்து நடந்ததும் தேதியைப் போட்டுக்கொண்டால் போதும்.